சீனிக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா?



"சீனிக்காரருக்கு எப்பிடி டொக்டர் சீனி குடுக்கிறது?"

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா எம்மிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவருக்கு எழுபது வயது நெருங்கிக் கொண்டிருந்தது. நீரிழிவுக்காகப் பல வருடமாகக் கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர். அன்று கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். ஐயா பகலில் தண்ணீர் மட்டும், இரவில் கொஞ்சம் பாலும் பழமும் என்று விரதம் இருந்தார். ஆனால் "மருந்தை மட்டும் விடக்கூடாது" என்று காலை மாத்திரையையும் மாலை மாத்திரையையும் ஒரு நாளும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

மத்தியானம் கை நடுங்கத் தொடங்கியது. சேட் நனையும் அளவுக்கு வியர்த்தது. பிறகு ஒரு காரணமும் இல்லாமல் மனைவியைப் பேசினார். கொஞ்ச நேரத்தில் பேச்சே தடுமாறியது. குசினியில் சீனிப் போத்தல் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கிய ஒறேஞ் யூஸ் பிரிட்ஜில் இருந்தது. அந்த அம்மா இரண்டையும் தொடவில்லை. முகத்தைத் துடைத்து, திருநீறு பூசி, வேலையில் இருந்த மகனுக்குப் போன் எடுத்தார். மகன்தான் 999 ஐ அழைத்தார். அம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது அளவு 1.9. நல்ல வேளை, ஐயா பிழைத்துக்கொண்டார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.)

அந்த அம்மாவில் நாம் பிழை சொல்ல மாட்டோம். வருடக்கணக்காக நாமும் எமது தாதியும் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "சீனியைக் குறையுங்கோ." பத்து நிமிடச் சந்திப்பில் சீனியைக் குறைப்பது பற்றிப் பேசவே நேரம் போய்விடுகிறது. அது அளவுக்கு மேல் குறைந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டது வைத்தியர்களாகிய எமது குறை. அந்தக் குறையை இந்தப் பக்கத்தில் கொஞ்சமாவது தீர்க்க முயல்கிறோம்.

நடுக்கம் ஏன் வருகிறது?

எமது மூளைக்கு முக்கிய எரிபொருள் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ். அதன் அளவு இறங்கும்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து அபாய மணி அடிக்கிறது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, உதட்டில் விறைப்பு எல்லாம் அந்த மணிச் சத்தம்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது மூளை பட்டினி கிடக்கத் தொடங்கும். அப்போது கோபம், குழப்பம், குடிகாரரைப் போன்ற பேச்சு, மயக்கம், வலிப்பு என்று வரும். நித்திரையில் வந்தால் கெட்ட கனவும், காலையில் நனைந்த தலையணையும், தலையிடியும் இருக்கும்.

நீரிழிவு இல்லாத ஒருவர் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டாலும் இந்த நிலைக்குப் போவது மிக அரிது. உடம்பு தானாகவே இன்சுலினைக் குறைத்து, ஈரலில் சேமித்து வைத்த குளுக்கோசை வெளியே விடும். ஆனால் ஊசியில் ஏற்றிய இன்சுலினுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளுக்கும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது தெரியாது. அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் இல்லை. இன்று எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரில்தான் 1921 இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆய்வுக் குழுவினர் அதை முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தபோது சில முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் அவை தெளிந்தன. நோயும் அதற்கு மருந்தும் அன்றைக்கே தெரிந்துவிட்டன.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் எடுப்பவர்கள், கிளிக்லசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள். அவர்களிலும் வயோதிபர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் இன்னும் கூடிய கவனமாக இருக்க வேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி அளவு இறங்குவது அரிது. அட்டெனலோல், பிசொப்பிரலோல் போன்ற மருந்துகளை இருதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வைதான் அவர்களைக் காட்டிக் கொடுக்கும்.

உங்கள் வீட்டில் ஒருவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று தெரியாவிட்டால், இன்றைக்கே மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

என்ன கொடுக்க வேண்டும்?

இந்த நாட்டு அளவில் 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது குறைவு. ஊரில் இருந்து வந்த பெற்றோரிடம் பழைய கணக்கில் அளவிடும் கருவி இருந்தால் அதில் 72 என்று காட்டும். எமது எண்ணை 18 ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும். போனில் அம்மா "எனக்கு 70 தான் ராசா" என்று சொன்னால் நல்ல அளவென்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

அளவு குறைந்தால் விரைவாக இரத்தத்தில் சேரும் சீனி 15 முதல் 20 கிராம் வரை வேண்டும். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று போதும்.

- நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்.
- சிறிய கிளாஸ் பழச்சாறு, 150 முதல் 200 மில்லிலீற்றர். சிறுநீரக வருத்தத்துக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் ஒறேஞ் யூசைத் தவிர்த்து வேறொன்றை எடுப்பது நல்லது.
- அதே அளவு சாதாரணக் கோக். டயற் கோக்கிலும் சீனியில்லாத கோக்கிலும் ஒரு பயனும் இல்லை.
- 4 அல்லது 5 ஜெலி பேபி இனிப்புகள்.
- 5 குளுக்கோஸ் வில்லைகள். மருந்துக்கடையிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

லூக்கோசேட் பற்றி ஒரு சொல். "வருத்தக்காரருக்கு லூக்கோசேட்" என்று இருபது வருடம் பழகிய வீடுகள் பல. 2018 ஏப்ரலில் இங்கே மென்பான வரி வந்தது. அதற்கு முன்னரே, 2017 இல், லூக்கோசேட்டின் சீனி ஏறக்குறைய அரைவாசியாகக் குறைக்கப்பட்டுவிட்டது. முன்பு கொடுத்த அதே அளவை இன்று கொடுத்தால் போதாது. எந்தப் பானமானாலும் போத்தலின் பின்பக்கத்தில் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் என்று பார்த்து வையுங்கள்.

கொடுத்த பின் 10 முதல் 15 நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் 4 க்குக் கீழே என்றால் அதே அளவை மறுபடியும் கொடுங்கள். கையில் சென்சர் ஒட்டியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். சென்சர் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்ப்பதே திருத்தமானது. மூன்று முறை கொடுத்தும் ஏறவில்லை என்றால் 999.

அளவு ஏறிய பின்தான் சாப்பாடு. அடுத்த சாப்பாட்டு நேரம் கிட்ட இருந்தால் அதையே சாப்பிடலாம். இல்லாவிட்டால் ஒரு துண்டு பாண், ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கற், கொஞ்சம் அவித்த கௌபி என்று ஏதாவது ஒன்று. இதை விட்டுவிட்டால் ஏறிய அளவு திரும்ப இறங்கிவிடும். கிளிக்லசைட் எடுத்தவருக்கு மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப இறங்கலாம். அதனால்தான் மேலே சொன்ன ஐயாவை ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எது கூடாது?

லட்டு, சொக்கிலேற், கேக், பால்தேத்தண்ணீர். இவற்றில் சீனி இருக்கிறதுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் கூட வரும் நெய்யும் கொழுப்பும் சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சுடச்சுடத் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடிக்கவும் நேரம் இல்லை. சோறு, புட்டு, இடியப்பம் எல்லாம் பிறகு.

பனங்கட்டி வேலை செய்யும். ஏனென்றால் அதுவும் பெரும்பாலும் சீனிதான். "பனங்கட்டி சீனிக்காரருக்கு ஒன்றும் செய்யாது" என்று மற்ற நாட்களில் தாராளமாகச் சாப்பிடுபவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 999 ஐ அழையுங்கள். குளூக்ககோன் ஊசி வீட்டில் இருந்து, போடப் பழகியவரும் இருந்தால் போடலாம். இன்சுலின் ஒருபோதும் போடக்கூடாது.

அளக்கக் கருவி இல்லை, இது குறைவா கூடவா என்றும் தெரியவில்லை என்றால்? ஆள் நினைவோடு இருந்து விழுங்கக்கூடியவராக இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்பதே எமது பதில். கூடியிருந்த சீனியில் நான்கு கரண்டி மேலும் சேர்ந்தால் அன்றைக்கு ஒரு பெரிய கேடும் வராது. குறைந்திருந்தவருக்குக் கொடுக்காமல் விட்டால் உயிர் போகலாம். மற்ற நாட்களில் நாம் விலக்கச் சொல்லும் சீனி அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மருந்து.

எல்லா நடுக்கமும் சீனிக் குறைவா?

எமது தலைமுறைக்கு நடுக்கம் என்றால் பசி. 1990 இல் இருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, மருந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. நாம் அப்போது மருத்துவ மாணவன். கியூவில் நின்று தலைசுற்றி விழுபவருக்கு ஒரு பிளேன்ரீயும் ஒரு கடி பனங்கட்டியும் கொடுத்தால் எழும்பி இருப்பார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோதும் அதே வைத்தியம்தான். பசித்த மனிதருக்கு அது சரியான மருந்தாக இருந்தது.

அந்தப் பழக்கத்தை நாம் லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டோம். யாருக்குத் தலை சுற்றினாலும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீரும் பிஸ்கற்றும். ஆனால் எமது சேர்ஜரிக்குத் தலைசுற்று என்று வரும் எம்மவரில் பலருக்குச் சீனிக் குறைவு இருப்பதில்லை.

படுக்கையால் எழும்பும்போது மட்டும் தலை சுற்றினால் அது இரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். பிறஷர் மாத்திரை கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் போதாமலும் இருக்கலாம். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு மிகச் சாதாரணம். கவலை, நித்திரையின்மை, தைரொயிட் நோய் என்றும் காரணங்கள் உண்டு. இப்படிப்பட்டவர்கள் முதலில் இருக்க அல்லது படுக்க வேண்டும். காலை உயர்த்தி வைத்துக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் ஜீ.பி.யிடம் வரவேண்டும். சீனித் தேத்தண்ணீர் இதில் எதையும் சுகப்படுத்தாது.

சாப்பிடாததால் வரும் நடுக்கமும் உண்டுதான். பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் இரவு வேலை செய்பவர்கள் ஒரு தேத்தண்ணீரோடும் இரண்டு பிஸ்கற்றோடும் எட்டு மணித்தியாலத்தை ஓட்டுகிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை நிறைய வெள்ளைச் சோறு. இவர்களுக்கு நாம் சொல்வது, வேலைக்குப் போகும்போதே ஒரு பெட்டியில் சாப்பாடு கொண்டு போங்கள் என்பதுதான். அவித்த கடலையோ கௌபியோ, ஒரு முட்டை, தவிட்டுப் பாணில் சான்ட்விச், குரக்கன் புட்டு, ஒரு வாழைப்பழம். மெதுவாகச் சமிக்கும் சாப்பாடு நெடுநேரம் தாங்கும்.

ஒரு பக்க முகம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குளறல், நெஞ்சு நோ ஆகியவற்றோடு தலை சுற்றினால் என்ன சாப்பிடுவது என்று யோசிக்க வேண்டாம். உடனே 999.

விரதகாரர்களுக்கு

கேதாரகௌரி விரதத்தை 21 நாள் பிடித்து, ஐப்பசி அமாவாசையோடு முடித்து, மறுநாளே கந்தசஷ்டியைத் தொடங்குபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கு வாரம். ஹைகேற் முருகனிடம் சூரன்போர் பார்க்கப் போகும் எத்தனை பேர் அன்று காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள் என்று நினைத்தால் எமக்குப் பயமாக இருக்கும்.

விரதம் இருக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. எமது அம்மாவும் விரதகாரிதான். நாம் கேட்பது இரண்டு விடயம். முதலாவது, விரதம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன் உங்கள் ஜீ.பி.யிடமோ நீரிழிவுத் தாதியிடமோ சொல்லுங்கள். ரமழான் நோன்பு பற்றி இந்த நாட்டு வைத்தியர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். டயபிற்றிஸ் யூ.கே. போன்ற அமைப்புகள் அதற்கு அறிவுரைகள் வெளியிடுகின்றன. முஸ்லிம் மக்கள் தாமே முன்வந்து பேசியதும் அதற்கு ஒரு காரணம். கந்தசஷ்டி என்றால் என்னவென்று உங்கள் வைத்தியருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாம் சொன்னால்தானே தெரியும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தர அவர்களால் முடியும். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். டப்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பட்டினியோடு அது சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் வேறொரு ஆபத்து உண்டு.

இரண்டாவது, விரதத்திலும் பல படிகள் உண்டு. பாலும் பழமும் எடுப்பவர்கள், ஒரு நேரம் சாப்பிடுபவர்கள் எல்லோரும் விரதகாரர்தான். அளவு 4 க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே விரதத்தை விட்டுச் சீனி எடுக்க வேண்டும். முருகன் கோவிக்க மாட்டார்.

எமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இதை எழுதினால் சிலர் கோவிப்பார்கள், பரவாயில்லை. அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போடுகிறோம். விழா ஏழரைக்குத் தொடங்குகிறது. பிரதம விருந்தினர் உரை, சிறப்புரை, பிள்ளைகளின் நடனம், நன்றியுரை எல்லாம் முடிந்து சாப்பாடு வரும்போது பத்தரை. எட்டு மணிக்கு வழமைபோல இன்சுலின் போட்டுவிட்டு வந்த ஒருவர் முன்வரிசையில் எழும்ப வெட்கப்பட்டுக் கொண்டு இருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தை அழைப்பிதழில் போடுங்கள். அந்த நேரத்தைக் காப்பாற்றுங்கள். மண்டப வாசலில் ஒரு பெட்டி பழச்சாறு வையுங்கள், தொண்டர்களில் இரண்டு பேருக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம். 2016 இல் இருந்து 2019 வரை இந்த நாட்டின் பிரதமராக இருந்த தெரேசா மே இன்சுலின் போடுபவர். அதை ஒளிக்காமல் எல்லோருக்கும் சொன்னவர். எமது பிள்ளைகளோ வேலையிடத்தில் தெரியக்கூடாது, கலியாணம் குழம்பிவிடும் என்று ஊசியை ஒளித்து வைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு விடயம் தெரிந்தால்தான் அந்த நேரத்தில் சீனி கொடுப்பார்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கு

இன்சுலின் எடுப்பவர்கள் டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டத் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் அளக்க வேண்டும். நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கொரு தடவை அளக்க வேண்டும். 5 க்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பின்தான் ஸ்ரேறிங்கைத் தொட வேண்டும். ஓடும்போது நடுங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, திறப்பை எடுத்து, சாரதி ஆசனத்தை விட்டு இறங்கிச் சீனி எடுங்கள். அளவு 5 க்கு மேல் வந்த பின்னும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும். பஸ், லொறி ஓட்டுபவர்களுக்கும், கிளிக்லசைட் எடுப்பவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. உங்கள் ஜீ.பி.யிடம் கேளுங்கள்.

நிறைவாக ஒரு செய்தி. அந்த ஐயா இன்றும் கந்தசஷ்டி பிடிக்கிறார். மாத்திரை மாற்றப்பட்டுவிட்டது. ஒரு நேரம் சாப்பிடுகிறார். அந்த அம்மாவின் கைப்பையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு பைக்கற் குளுக்கோஸ் வில்லை எப்போதும் இருக்கிறது. போன முறை சேர்ஜரிக்கு வந்தபோது அதை எடுத்து எமக்குக் காட்டி, திகதி முடியவில்லைத்தானே என்று சரிபார்த்துக்கொண்டு போனார்.

உங்கள் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும்.